நட்பு, நிலம், அரசியல்: அமெரிக்காவின் தொடக்ககாலக் கடிதங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் குடியரசை உருவாக்கியவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களை நண்பர்கள் சிலருடன் சேர்ந்து படித்துவருகிறேன். புதிதாக வந்து சேர்பவர் யாராக இருந்தாலும் கேட்கும் ஐயங்கள் அநேகமாக ஒன்றுதான். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டுவிட்டேன். பேசப்படும் காலம் பெரும்பாலும் 1760-களிலிருந்து 1830-கள் வரை.

நண்பருக்கு எழுதும் கடிதத்தில் நில விவகாரம் ஏன் இத்தனை வருகிறது? படிக்கவே சலிப்பாக இருக்கிறது.

சலிப்புத் தட்டும் அந்தப் பத்திகளைத்தான் தாண்டிப் போகாதீர்கள் என்பேன். வங்கி என்பதே அங்கே புதிய சங்கதி. பிலடெல்பியாவின் வட அமெரிக்க வங்கிக்கு அனுமதி கிடைத்ததே 1781-இல்தான். வெள்ளி நாணயம் கையில் புழங்குவது அரிது. மாநிலங்கள் அச்சடித்த காகிதப் பணம் இன்று ஒரு விலை, நாளை ஒரு விலை. கையில் மிஞ்சியதைப் போட்டுவைக்க நிலத்தை விட்டால் வேறு வழி குறைவு. அந்த நிலமோ பல நூறு மைலுக்கு அப்பால் காட்டுக்குள் கிடக்கும். போய்ப் பார்க்க, அளக்க, தவணை கட்ட, பத்திரம் வாங்கிவர ஆள் வேண்டும். ஏமாற்றாத ஆள் என்றால் நண்பர்தான்.

அதனால் ஒரே தாளில் காங்கிரஸில், அதாவது நாடாளுமன்றத்தில், யார் பக்கம் எத்தனை வாக்கு என்பதும், ஆற்றங்கரை நிலம் ஏக்கர் என்ன விலை என்பதும், வீட்டாருக்கு வணக்கமும் அடுத்தடுத்து வரும். அரசியல் பத்தியில் பெருந்தன்மையாகப் பேசுவது எளிது. ஒருவரை ஒருவர் எவ்வளவு நம்பினார்கள் என்பது நிலப் பத்தியில்தான் தெரியும்.

இத்தனை ஆயிரம் கடிதங்களில் எங்கே தொடங்குவது?

ஜேம்ஸ் மாடிசனும் ஜேம்ஸ் மன்றோவும் எழுதிக்கொண்டவற்றில் தொடங்குங்கள். இருவரும் வர்ஜீனியாக்காரர்கள். பின்னாளில் நான்காவது, ஐந்தாவது குடியரசுத் தலைவர்கள். கூட்டாக நிலம் வாங்கினார்கள், ஒருவரை எதிர்த்து ஒருவர் தேர்தலில் நின்றார்கள், முறைத்துக்கொண்டார்கள், மீண்டும் சேர்ந்தார்கள். இந்தப் பக்கத்தின் தலைப்பில் உள்ள மூன்றும் இவர்களிடம் ஒரே கட்டாகக் கிடைக்கும்.

நில வாடையே இல்லாத நட்புக் கடிதம்தான் வேண்டும் என்பவர்கள் ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் 1812 முதல் 1826 வரை எழுதியவற்றுக்குப் போகலாம். 1800-ஆம் ஆண்டுத் தேர்தலில் பிரிந்தவர்களை மருத்துவர் பெஞ்சமின் ரஷ் என்ற பொது நண்பர் விடாப்பிடியாகப் பேசிச் சேர்த்துவைத்தார். அருமையான கடிதங்கள்தான். ஆனால் வயதான இருவர் வரலாற்றுக்காக எழுதுகிறோம் என்று தெரிந்தே எழுதியவை என்பது என் எண்ணம்.

மாடிசனும் மன்றோவும் சேர்ந்து வாங்கியது எந்த நிலம்?

நியூயார்க் மாநிலத்தின் மோஹாக் பள்ளத்தாக்கில், ஸ்கைலர் கோட்டைப் பக்கம் சுமார் 900 ஏக்கர். ஆண்டு 1786. விலை ஏக்கருக்கு ஒன்றரை டாலர். மாடிசன் 1784-இல் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்துடன் அந்தப் பக்கம் பயணம் போய் மண்ணைக் கண்ணால் பார்த்திருந்தார். வாங்கியதும் ஆசை பெருகிவிட்டது. 1786 ஆகஸ்ட் 12 அன்று, பாரிஸில் தூதராக இருந்த ஜெஃபர்சனுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். பிரான்சில் நாலைந்தாயிரம் லூயி (பிரெஞ்சுப் பொன் நாணயம்) கடன் கிடைக்குமா, கிடைத்தால் இன்னும் நிறைய வளைத்துப்போடலாம், நீங்களும் பங்காளியாகச் சேருங்கள் என்பது அதன் சாரம். கையில் பணம் இருந்து, நிலத்தில் இறங்கும் எண்ணமும் இருந்தால் தம் மனம் தேர்ந்தெடுக்கும் இடம் இதுதான் என்று வாஷிங்டன் தம்மிடம் சொன்னதையும் மறக்காமல் சேர்த்திருக்கிறார். அரசியலமைப்பின் தந்தை என்று நாம் படித்த மனிதர், நிலம் விற்க வந்தவரைப் போல அடுக்குவதை அந்தக் கடிதத்தில் பார்க்கலாம்.

ஜெஃபர்சன் மூலம் கடன் வந்து சேரவில்லை. பெரிய திட்டம் கைவிடப்பட்டது. வாங்கிய 900 ஏக்கரையும் 1790-களின் நடுவில் மாடிசன் விற்றுவிட்டார்.

பங்காளிகளே எதிரெதிராகத் தேர்தலில் நின்றார்களாமே, உண்மையா?

உண்மை. முதல் காங்கிரஸுக்கு 1789 பிப்ரவரி 2 அன்று வர்ஜீனியாவில் தேர்தல். புதிய அரசியலமைப்பை வெறுத்த பேட்ரிக் ஹென்றியின் ஆட்கள், மாடிசனின் ஊரை அவருக்குச் சாதகமில்லாத வட்டாரங்களோடு சேர்த்துத் தொகுதி பிரித்து, எதிரே மன்றோவை நிறுத்தினார்கள். இருவரும் ஒன்றாகவே ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். ஒரு லூத்தரன் தேவாலயத்தில் பேசி முடித்து நடுங்கும் குளிரில் குதிரையில் திரும்பும்போது மாடிசனின் மூக்கு பனியில் கொப்புளித்து வடு விழுந்தது. முதுமையில் அந்த வடுவைக் காட்டி, இது என் போர்க்காயம் என்ற தோரணையில் சிரிப்பாராம்.

முடிவு: மாடிசன் 1,308, மன்றோ 972. அடுத்த மாதம் மாடிசன் ஜெஃபர்சனுக்கு எழுதுகிறார்: அரசியலையும் தனிப்பட்ட உறவையும் இருவரும் பிரித்தே வைத்திருந்தோம், நட்புக்குச் சிறு குறைவும் இல்லை என்று. இதை வெறும் வார்த்தையாக எடுக்க வேண்டியதில்லை. மோஹாக் நிலம் அப்போதும் இருவர் கூட்டிலும் இருந்தது. யாரும் பங்கைப் பிரித்துக்கொண்டு ஓடவில்லை. மன்றோ தரப்பு வலியுறுத்திய, குடிமக்களின் அடிப்படை உரிமைகளைச் சொல்லும் உரிமைப் பட்டியலைக் கொண்டுவருவதாகத் தேர்தலில் வாக்குறுதி தந்த மாடிசன், அதே ஆண்டு ஜூன் 8 அன்று அவையில் அதை முன்மொழியவும் செய்தார்.

ஜார்ஜ் வாஷிங்டனும் நிலம் வாங்குவதில் ஆர்வம் காட்டினாரா?

ஆர்வம் என்பது மிகவும் மென்மையான சொல். பதினேழு வயதிலேயே நில அளவையாளராகச் சம்பாதிக்கத் தொடங்கியவர் அவர். 1767 செப்டம்பரில் தம் பழைய நண்பரும் அளவையாளருமான வில்லியம் கிராஃபோர்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று போதும். அப்பலாச்சிய மலைக்கு மேற்கே வெள்ளையர் குடியேறக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசர் 1763-இல் பிரகடனம் போட்டிருந்தார். அதெல்லாம் பழங்குடியினரைச் சமாதானப்படுத்த வைத்த தற்காலிக ஏற்பாடு, சில ஆண்டுகளில் விழுந்துவிடும் என்று வாஷிங்டன் நண்பரிடம் மனம் விட்டுச் சொல்கிறார். பிறகு திட்டம்: நீ நல்ல நிலமாகப் பார்த்து அடையாளம் வை, அளக்கவும் பதியவும் ஆகும் செலவு என்னுடையது, உனக்கும் ஒரு பங்கு உண்டு. விஷயம் வெளியே தெரிய வேண்டாம். கேட்டால் வேட்டைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்.

இதைப் படித்து அதிர்ச்சியடைபவர்கள் உண்டு. எனக்கு அதைவிட வியப்பு, இப்படி ஒரு கடிதத்தை எழுத்தில் அனுப்பும் அளவுக்கு அவர் கிராஃபோர்டை நம்பியது. கடிதம் ஆளுநர் கையில் சிக்கியிருந்தால் சங்கடம்தான்.

அந்த நிலத்தைக் கிராஃபோர்டு ஒழுங்காக வாங்கிக் கொடுத்தாரா?

நிறையவே. சிக்கலும் சேர்ந்தே வந்தது. பென்சில்வேனியாவில் மில்லர்ஸ் ரன் என்ற ஓடைப் பக்கம் அவர் அளந்து கொடுத்த சுமார் 2,800 ஏக்கரில், வாஷிங்டன் போருக்குப் போயிருந்த காலத்தில் வேறு குடும்பங்கள் வந்து காட்டை வெட்டி, வீடு கட்டி, உழுது பயிரிட்டுவிட்டன. 1784 செப்டம்பரில் நேரில் போனார். நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கித் தந்த தளபதி என்று யாரும் எழுந்து இடம் விடவில்லை. வழக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். போட்டார், 1786-இல் வென்றார். பட்டா ஒருவரிடம், உழைப்பு இன்னொருவரிடம். தம் வழக்கறிஞருடன் வாஷிங்டன் நடத்திய கடிதப் போக்குவரத்தில் ஒவ்வொரு ஆவணத்தின் தேதியையும் அலசுவதைப் பார்த்தால், நாட்டுத் தலைவரைவிட ஒரு பழுத்த மிராசுதாரர்தான் கண்ணில் படுகிறார்.

இவர்கள் வாங்கி விற்ற நிலம் உண்மையில் யாருடையது? பழங்குடியினர் கடிதங்களில் வருகிறார்களா?

வருகிறார்கள், ஆனால் ஆளாக வருவது குறைவு. 'இந்தியர்களின் உரிமை தீர்க்கப்பட்டுவிட்டதா' என்ற அரை வரியாகத்தான் வருவார்கள். மோஹாக் பள்ளத்தாக்கு இரோக்குவா கூட்டமைப்பின் நாடு. அதில் ஒனைடா மக்கள் விடுதலைப் போரில் அமெரிக்கர் பக்கமே நின்றவர்கள். அப்படியும் 1785, 1788 ஒப்பந்தங்களில் அவர்களுடைய நிலத்தின் பெரும்பகுதியை நியூயார்க் மாநிலம் எழுதி வாங்கிக்கொண்டது. மாடிசன் ஜெஃபர்சனுக்கு மண்ணின் வளத்தை வர்ணிக்கும் கடிதம் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே எழுதப்பட்டது.

கிராஃபோர்டின் முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1782 மார்ச்சில் க்னாடன்ஹூட்டன் என்ற ஊரில், கிறித்தவம் தழுவி ஆயுதம் ஏந்தாமல் வாழ்ந்த டெலவேர் மக்கள் 96 பேரைப் பென்சில்வேனியப் படையினர் கொன்றார்கள். அதற்கு மூன்று மாதம் கழித்து ஓஹாயோவுக்குப் படை நடத்திச் சென்ற கிராஃபோர்டு டெலவேர்களிடம் பிடிபட்டு, சித்திரவதைக்குப் பின் எரித்துக் கொல்லப்பட்டார். அந்தப் படுகொலையில் அவருக்குப் பங்கில்லை. பழி அவர்மேல் தீர்ந்தது. செய்தி கேட்டு வாஷிங்டன் எழுதிய கடிதத்தில் துயரம் உண்மையானது. க்னாடன்ஹூட்டனில் இறந்தவர்களுக்கு அப்படி ஒரு கடிதம் எழுத அவர்களுக்கு எந்தத் தளபதி நண்பர்?

அரசியலில் எதிர்ப்பக்கம் போனவரோடு நிலக் கூட்டு தொடர்ந்த கதை வேறு உண்டா?

உண்டு, இது எனக்குப் பிடித்தது. நியூயார்க் ஆளுநர் ஜார்ஜ் கிளின்டனும் வாஷிங்டனும் 1784-இல் மோஹாக் ஆற்றுப் பக்கம் 6,071 ஏக்கரைக் கூட்டாக வாங்கினார்கள். வாஷிங்டனிடம் ரொக்கம் இல்லை. கிளின்டன் தம் பணத்தைப் போட, இவர் வட்டியோடு பின்னால் அடைத்தார். அரசியலமைப்பு வரைவை 1787-இல் உருவாக்கிய மாநாட்டுக்குத் தலைவர் வாஷிங்டன். அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் கிளின்டன். 1788-இல் நியூயார்க் அதை 30-க்கு 27 என்ற கணக்கில் தட்டுத்தடுமாறி ஏற்றபோது, அதற்காகக் கூடிய மாநில மாநாட்டின் தலைவர் இருக்கையில் இருந்தவரும் கிளின்டனே.

நிலக் கணக்கு மட்டும் அசையவில்லை. துண்டுதுண்டாக விற்று, கணக்கெழுதி, பங்கை அனுப்பிக்கொண்டே இருந்தார் கிளின்டன். 1799-இல் வாஷிங்டன் தம் உயிலோடு இணைத்த சொத்துப் பட்டியலில், 6,071 ஏக்கரில் விற்காமல் எஞ்சியது ஏறக்குறைய 2,000, அதில் தம் பாதி ஏறக்குறைய 1,000 என்று எழுதிவைத்திருக்கிறார். பதினைந்து ஆண்டு கூட்டு, நடுவில் ஒரு நாட்டையே இரண்டாக்கிய சண்டை. பட்டியலில் கிளின்டன் பெயர் வழக்கம்போல நிற்கிறது.

கடிதத்தை வழியில் பிரித்துப் படித்துவிட மாட்டார்களா? இவ்வளவு ரகசியத்தை எப்படி எழுதினார்கள்?

படிப்பார்கள். உறை கிடையாது, எழுதிய தாளையே மடித்து அரக்கு முத்திரை வைப்பார்கள். அஞ்சல் கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவர்தான் கொடுக்க வேண்டும். எதிர்க்கட்சி அஞ்சல்காரர்கள் கடிதத்தைப் பிரிக்கிறார்கள் என்று ஜெஃபர்சன் 1790-களில் ஓயாமல் புலம்பினார். முக்கியமானதை ஊருக்குப் போகும் நம்பிக்கையான ஆளிடம் கொடுத்தனுப்புவார்கள். இன்னும் முக்கியமானதை எண் குறியீட்டில் எழுதுவார்கள்: ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சொல் அல்லது அசை, இருவர் கையிலும் ஒரே அட்டவணை. மாடிசன், மன்றோ, ஜெஃபர்சன் மூவரும் இதைப் பயன்படுத்தியவர்கள்.

ஆனால் பெரிய விபத்து அஞ்சல்காரரால் வரவில்லை, நண்பரால் வந்தது. ஜெஃபர்சனின் பண்ணை வீடான மான்டிசெல்லோவுக்கு அருகில் ஒரு காலத்தில் பண்ணை வைத்திருந்த இத்தாலிய நண்பர் பிலிப்போ மாட்ஸெய். அவருடைய வர்ஜீனியா சொத்து விவகாரங்களை ஜெஃபர்சன் கவனித்துவந்தார். 1796 ஏப்ரலில் அவருக்கு எழுதிய கடிதத்தில், போர்க்களத்தில் சிம்சோன்களாகவும் ஆலோசனையில் சாலமோன்களாகவும் இருந்தவர்கள் இங்கிலாந்து என்னும் வேசியிடம் தலைமுடியை இழந்துவிட்டார்கள் என்று ஒரு வரியைச் சேர்த்தார். கடிதம் ஐரோப்பாவில் அச்சாகி, 1797-இல் மொழிபெயர்ப்பாக அமெரிக்கப் பத்திரிகைகளுக்கே திரும்பி வந்தது. சிம்சோன் என்றது வாஷிங்டனைத்தான் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதன்பின் வாஷிங்டன் ஜெஃபர்சனுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

இதெல்லாம் ஆண்கள் விவகாரம்தானா?

சட்டப்படி அப்படித்தான்: மணமான பெண்ணின் பெயரில் சொத்து நிற்காது. நடைமுறையில் அபிகெய்ல் ஆடம்ஸ் இருக்கிறார். கணவர் ஜான் ஐரோப்பாவில் தூதராக இருந்த 1782-இல், வெர்மான்டில் தலா 330 ஏக்கர் வீதம் ஐந்து மனைகளை, கணவருக்கும் நான்கு பிள்ளைகளுக்குமாக வாங்கிப்போட்டார். தம் பெயரில் ஒன்றும் இல்லை. அங்கேயே போய் அமைதியாக வாழலாம் என்று கனவையும் எழுதினார். கடலின் வாசனை வராத ஊருக்கு நான் வரமாட்டேன், வெர்மான்டில் இனிக் கைவைக்காதே என்று பதில் வந்தது. பணத்தை அரசுக் கடன் பத்திரங்களில் போடுவதே அபிகெய்லின் விருப்பம். ஜானுக்கோ பக்கத்து வயலை வாங்குவதிலேயே கண். குடும்பத்தில் வரவு செலவு தெரிந்தவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எல்லோரும் கொழுத்த பணக்காரர்களாகத்தான் செத்தார்களா?

இல்லை, பலர் மூழ்கினார்கள். விடுதலைப் போருக்கே நிதி திரட்டிய ராபர்ட் மாரிஸ் மில்லியன் கணக்கான ஏக்கரைக் கடனில் வாங்கி, 1798 முதல் 1801 வரை பிலடெல்பியாவில் கடன்காரர் சிறையில் கிடந்தார். 1798-இல் வாஷிங்டன் அந்தச் சிறைக்கே போய் அவரோடு உணவருந்தினார். உச்ச நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் வில்சன் கடன் கொடுத்தவர்களுக்குப் பயந்து ஓடி, அதே ஆண்டு வட கரோலினாவில் ஒரு விடுதியில் இறந்தார். பதவியில் இருந்துகொண்டே!

ஜெஃபர்சனின் கடனை அடைத்தது அவர் அல்லர். அவர் இறந்தபின் 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் அடிமைகளாக இருந்த 130 பேர் ஏலம் விடப்பட்டார்கள். நிலக் கடிதங்களைப் படிக்கும்போது, காட்டை வெட்டி வயலாக்கப்போவது யார் என்ற கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் அதைச் சொல்லாது.

தலைவர்களே நிலம் வாங்குவது அப்போது ஊழலாகக் கருதப்படவில்லையா?

வாங்குவது குற்றமில்லை, லஞ்சம் குற்றம் என்ற கோடு அப்போதும் இருந்தது. 1795-இல் ஜார்ஜியா சட்டமன்றம் யாஸூ பகுதியில் 3.5 கோடி ஏக்கரை 5 லட்சம் டாலருக்குக் கம்பெனிகளிடம் தூக்கிக்கொடுத்தது. வாக்களித்த உறுப்பினர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் பங்கு இருந்தது தெரிந்ததும், மக்கள் அவர்களைத் துரத்திவிட்டுச் சட்டத்தையே பொதுவில் எரித்தார்கள். மேலே சொன்ன நீதிபதி வில்சனும் அதில் முதலீட்டாளர்.

மறுமுனையையும் பார்க்கலாம். 1785-இல் வர்ஜீனியா சட்டமன்றம் பொடோமாக், ஜேம்ஸ் ரிவர் கால்வாய்க் கம்பெனிகளின் 50, 100 பங்குகளை வாஷிங்டனுக்குப் பரிசளித்தது. வாங்கினால் கெட்ட பெயர், மறுத்தால் சட்டமன்றத்துக்கு அவமதிப்பு. என்ன செய்வது என்று நண்பர் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதிக் குழம்பினார். கடைசியில் பொதுக் காரியத்துக்கு ஒதுக்குவதாகச் சொல்லி ஏற்றார். ஜேம்ஸ் ரிவர் பங்குகள் ஒரு கல்விக்கூடத்துக்குப் போயின. கிராஃபோர்டுக்கு வேட்டைக் கதை சொல்லித்தந்தவரும் இவரேதான். பதினெட்டு ஆண்டு இடைவெளியும் உலகப் புகழும் ஒருவரை எவ்வளவு எச்சரிக்கையாக்கும் என்பதற்கு இந்தக் கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

அப்படியானால் நட்பு என்பதே காரியத்துக்காகத்தானா?

காரியம் தீர்ந்தபிறகு என்ன நடந்தது என்று பார்த்தால் தெரிந்துவிடும். மோஹாக் நிலம் கைமாறிய பின் மாடிசனையும் மன்றோவையும் கட்டிவைக்கக் கணக்கு எதுவும் இல்லை. மன்றோ லண்டனில் பேசி முடித்த ஒப்பந்தத்தை ஜெஃபர்சன் அரசு 1807-இல் ஒதுக்கியது. கோபத்தில் இருந்த மன்றோவை 1808 குடியரசுத் தலைவர் தேர்தலில் மாடிசனுக்கு எதிராகச் சிலர் நிறுத்தினார்கள். 1789 போல இது சிரித்துக்கொண்டே போன தேர்தல் இல்லை, பேச்சே நின்றது. ஜெஃபர்சன் நடுவில் நின்று இழுத்துப் பிடித்தார். 1811-இல் மாடிசன் மன்றோவை வெளியுறவுச் செயலராக்கினார்.

கடைசியில் மன்றோவிடம் பதவியும் இல்லை, பணமும் இல்லை. 1831 வசந்தத்தில், வர்ஜீனியாப் பண்ணையை விற்றுவிட்டு நியூயார்க்கில் மகளோடு இருக்கப்போகிறேன் என்று எழுதினார். இனி நாம் சந்திக்கவே போவதில்லை என்பது என்னை ஆழமாக வருத்துகிறது என்று எண்பது வயது மாடிசன் பதில் எழுதினார். கவனியுங்கள், அந்தச் செய்தியும் ஒரு நில விற்பனைச் செய்தியாகத்தான் வந்தது.

கடிதத்தில் எழுதியிருப்பதை அப்படியே நம்பலாமா?

முழுக்க நம்ப முடியாது. வாஷிங்டன் தம் இளமைக்காலக் கடிதப் படிகளை 1780-களில் உட்கார்ந்து நடை திருத்தினார். மாடிசன் முதுமையில், லஃபாயெத்தைக் குறைசொல்லி எழுதிய பழைய வரிகளை மாற்றினார். கணவர் இறந்தபின் மார்த்தா வாஷிங்டன் தங்களுக்குள் எழுதிய கடிதங்களை எரித்துவிட்டார்; ஓரிரண்டுதான் தப்பின. திருத்தியவர்கள் பெரும்பாலும் கைவைத்தது அரசியல், ஆள் விமர்சனம், நடை ஆகியவற்றில். ஏக்கர் கணக்கை அழகுபடுத்த யாரும் மெனக்கெடவில்லை. முதல் பதிலில் நிலப் பத்தியைத் தாண்டாதீர்கள் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூலக் கடிதங்கள் எங்கே கிடைக்கும்? ஒன்றே ஒன்று படிப்பேன் என்றால் எது?

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' தளத்தில் இலவசமாக. பெயர், தேதி போட்டுத் தேடலாம். குறியீட்டில் எழுதிய பகுதிகளைப் பதிப்பாசிரியர்கள் உடைத்தே தந்திருக்கிறார்கள்.

ஒன்றே ஒன்று என்றால் மாடிசன் ஜெஃபர்சனுக்கு 1786 ஆகஸ்ட் 12 அன்று எழுதியது. நீளமான கடிதம். மாநிலங்களின் காகிதப் பணக் கூத்து முதல் மிசிசிப்பி ஆற்றுப் பிரச்சினை வரை வரிசையாக வரும். நிலம் எந்த இடத்தில் நுழைகிறது, அதுவரை நிதானமாகப் போன பேனா அங்கே எப்படி வேகம் எடுக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே படியுங்கள்.